பசை வாங்கித் தந்த ஒன்பது நாள்

கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கார்னியாவில், புண்ணோடு வருகிறவரிடம் நம் ஊர்க் கண் மருத்துவர்கள் முதலில் கேட்பது, "கண்ணுல என்ன பட்டுச்சு?" என்பதுதான். நெல் உமி, சோளத்தட்டை, கரும்புத் தோகை, மாட்டு வால் என்று ஏதாவது ஒன்று பதிலாக வரும். கேட்டவுடன் மனம் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் தாவிவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

இந்த அம்மாவின் கண்ணில் எதுவும் படவில்லை.

வயது 56. வீட்டுத் திண்ணையில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். வலது கண் சிவந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டியிருக்கிறார். இரண்டாம் வாரம் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் சொட்டு. மூன்றாம் வாரம் வலி நெற்றிக்கும் தாடைக்கும் பரவி, விடிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிவிட ஆரம்பித்தது. மகள் கூட்டிவந்தாள். "கண்ணுல பூ விழுந்துடுச்சு டாக்டரம்மா, அதை மட்டும் எடுத்துவிட்டுருங்க" என்றார்.

(இதில் வரும் அம்மா ஒரே ஒருவர் அல்ல. இதே நோயுள்ள சிலரின் போக்கை ஒருவர் கதையாகச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். சறுக்கல்கள் என்னுடையவைதான்.)

முதல் நாள்

கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கைகளைப் பார்த்துவிட்டேன். விரல்கள் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன, மணிக்கட்டு வீங்கியிருந்தது. 11 வருடமாக முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை, ஈரலை அரித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாக நிறுத்திவிட்டார். வலி வரும்போது கடையில் வலி மாத்திரை, அவ்வளவுதான்.

அந்த விரல்களால் அவருக்குச் சொட்டு மருந்துக் குப்பியை அழுத்த முடியாது என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமிக்கும் இதே நோய்தான். விரல்கள் கோணிய பிறகுதான் அவர் கண் மருத்துவத்துக்கே வந்தார். அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார். முடக்குவாத நோயாளியின் கையைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். எல்லாரிடமும் அந்தப் பிடிவாதத்தை எதிர்பார்க்க முடியாது. மகளிடம் சொட்டுப் போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தோம்.

வலது கண் பார்வை 6/60, அதாவது 60 மீட்டரில் தெரிய வேண்டியது 6 மீட்டரில்தான் தெரிகிறது. ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கருவிழி வெள்ளைவிழியோடு சேரும் வரம்பை ஒட்டி, பிறை வடிவில் ஒரு பள்ளம். கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் 3 மணியிலிருந்து 7 மணி வரை, மூக்குப் பக்கமும் கீழ்ப்பக்கமுமாக. அகலம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கருவிழி நடுப்பகுதி தெளிவாக இருந்தது. 6 மணி இடத்தில் ஐந்தில் நான்கு பங்கு கரைந்து, மீதி ஒரு மெல்லிய தாள். ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கண் ஓ.சி.டி.யில் அளந்தால் 0.12 மி.மீ. வழக்கமாகக் கருவிழி நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஓரத்தில் அதைவிடத் தடிமன். பச்சைச் சாயம் விட்டுப் பார்த்ததில் கசிவு இல்லை. பள்ளத்தை ஒட்டிய வெள்ளைவிழி ரத்தச் சிவப்பாக, தொட்டாலே துடிக்கிற வலியோடு இருந்தது. இரண்டு கண்ணிலும் கண்ணீர் வறட்சி: ஷிர்மர் காகிதம் ஐந்து நிமிடத்தில் 3 மி.மீ. மட்டுமே நனைந்தது.

பிறைப் பள்ளம், ஓரம், முடக்குவாதம். மூன்றையும் சேர்த்தால் விடை கிட்டத்தட்ட வந்துவிடுகிறது: கிருமியால் அல்ல, முடக்குவாதத்தால் கருவிழி ஓரம் கரைகிற அழற்சிப் புண். ஆனாலும் அந்த விடையை எழுதிவிட்டு ஸ்டீராய்டு தொடங்கும் தைரியம் தென்னிந்தியாவில் வேலை செய்கிற யாருக்கும் வரக்கூடாது. மதுரையில் 434 கருவிழிப் புண் நோயாளிகளைத் தொடர்ச்சியாக ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். கிருமி வளர்ந்த 297 பேரில் 139 பேருக்குப் பூஞ்சை மட்டும், 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும். கிட்டத்தட்டச் சரிபாதி. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விடுவது எரிகிற கூரையில் மண்ணெண்ணெய் ஊற்றுவது. அழற்சிப் புண்ணிலோ அதே ஸ்டீராய்டு ரத்தத்தில் போகாவிட்டால் கண் போய்விடும். இரண்டும் வெளிப்பார்வைக்குச் சிவந்த கண், வெள்ளைப் புண்.

அதனால் சுரண்டி எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். தாள் போன்ற இடத்தில் கத்தியை வைக்க முடியாது. பள்ளத்தின் முன்விளிம்பில், தடிமன் இருக்கிற இடத்தில், மழுங்கிய கிமுரா கரண்டியால் மெல்ல வருடி எடுத்தோம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கண்ணாடித் தகட்டில் பூஞ்சை இழை இல்லை. கிராம் சாயத்தில் பாக்டீரியா இல்லை, நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக. வளர்ப்புத் தட்டுகளிலும் பிறகு எதுவும் முளைக்கவில்லை.

ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 90ஐத் தாண்டியிருந்தது. முடக்குவாதத்தின் அடையாளங்களான முடக்குவாதக் காரணி, சி.சி.பி. எதிர்ப்பொருள் இரண்டும் எக்கச்சக்கம். ரத்தக்குழாய் அழற்சிக்கான ஆன்கா சோதனை எதிர்மறை. சிறுநீரில் ரத்தமோ புரதமோ இல்லை. இந்தக் கடைசி இரண்டையும் ஏன் பார்க்கிறோம் என்றால், பாலிஆஞ்சைட்டிஸ் வகை ரத்தக்குழாய் அழற்சியும் இதே பிறைப் புண்ணோடு முதலில் கண்ணில் தலைகாட்டும்; கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் போய்விடும். மார்பு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளும் அனுப்பினோம். அவை நோயைக் கண்டுபிடிக்க அல்ல, பிறகு கொடுக்கப்போகும் மருந்துக்கு உடம்பு தயாரா என்று பார்க்க.

ஏன் ஓரத்தில் மட்டும்

கருவிழியின் நடுவில் ரத்தக்குழாய் கிடையாது. ஓரத்தில் உண்டு: வெள்ளைவிழியின் மேல் போர்த்திய கஞ்சங்டைவா என்ற மெல்லிய சவ்விலிருந்து நுண்குழாய்கள் வளைந்து வந்து, கருவிழி வரம்பில் அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ரத்தத்தில் மிதக்கிற பெரிய புரதங்கள், அழற்சியைத் தூண்டும் காம்ப்ளிமென்ட் புரதத் தொகுதியின் முதல் கூறு போன்றவை, அங்கேயே தங்கிவிடும். நடுவரை ஊர்ந்து போக முடியாத அளவு பெரியவை. முடக்குவாதக்காரரின் ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள் கூட்டுகள் அந்த வளைவுகளில் படிகின்றன. அதைத் தின்ன நியூட்ரோஃபில்கள் வருகின்றன. வந்தவை கொலாஜனைக் கரைக்கும் நொதிகளை உமிழ்கின்றன. கருவிழி என்பதே கொலாஜன் அடுக்குதான். "மெல்ட் ஆகுது" என்று நாங்கள் எங்களுக்குள் சொல்வது உவமை இல்லை. அது நிஜமாகவே உருகுகிறது.

ஆக, புண் கருவிழியில். கரைக்கிற நொதி வருவது பக்கத்துச் சவ்விலிருந்து. நோய் உடம்பு முழுக்க. எந்த இடத்தில் கத்தி வைப்பது என்ற கேள்விக்குப் பதில் இந்த மூன்று வரியில்தான் இருக்கிறது.

புண்ணை விட்டுவிட்டுப் பக்கத்துச் சவ்வை வெட்டி எடுக்கலாம் என்ற யோசனையை நிலைநிறுத்தியவர் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் பிரவுன். 1975இல் மூரன் புண்ணுக்கு இதைச் செய்து எழுதினார். மூரன் புண் என்பது இந்த நோயின் பங்காளி: பிறைவடிவம் அதேதான், உடம்பில் மட்டும் எந்த நோயும் அகப்படாது. ஜெர்மானியர் ஆல்பர்ட் மூரன் 1860களில் அதைத் தனி நோயாக விவரித்தார். மூரனில் பள்ளத்தின் உள்விளிம்பு குடைந்து, கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும், வெள்ளைவிழியைத் தொடாது. எங்கள் நோயாளிக்கு வெள்ளைவிழியும் சேர்ந்து அழன்றிருந்தது, கூரை இல்லை. பிரித்துப் பார்க்க அது போதுமானது. (மூரன் புண்ணுக்குத் தென்னிந்தியாவில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. மதுரையில் செய்த ஒப்பீட்டு ஆய்வில் கொக்கிப்புழுத் தொற்றுக்கும் இதற்கும் தொடர்பு தென்பட்டது. அதனால்தான் கண் டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். "கண்ணுக்கு வந்தேன், இதை எதுக்குக் கேக்குறீங்க?" என்று நோயாளிகள் முறைப்பது நியாயம்தான்.)

பசையும் சவ்வும்

அன்று மாலையே அறுவை அரங்குக்குக் கொண்டுபோனோம். கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் வழக்கமான முறை இங்கே ஆகாது. உள்ளே ஏறுகிற திரவத்தின் அழுத்தமே தாளைக் கிழித்துவிடும். சொட்டு மருந்தும், சவ்வுக்கடியில் துளி லிக்னோகைனும் போதுமானதாக இருந்தது.

பள்ளத்தின் இரண்டு முனைகளையும் தாண்டி ஒவ்வொரு மணி நேர அகலம் கூடுதலாக, 2 மணியிலிருந்து 8 மணி வரை, சவ்வைக் கருவிழி வரம்பிலிருந்து விடுவித்து 3 முதல் 4 மி.மீ. பட்டையாக வெட்டி எடுத்தேன். அடியில் வெறும் வெள்ளைவிழி தெரியும். அதை மூடித் தைப்பதில்லை. சவ்வு தானாகத் திரும்ப வளர நான்கைந்து வாரம் ஆகும். அதுவரைக்கும் நொதியின் வரத்து அந்த வழியாக இல்லை. வெட்டிய துண்டை நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்பினோம். நுண்குழாய்ச் சுவர்களிலேயே நியூட்ரோஃபில்கள் ஊடுருவியிருப்பதாகப் பதில் வந்தது. ரத்தக்குழாய் அழற்சி என்பதற்கு எழுத்துபூர்வமான சாட்சி.

அப்புறம் பசை. சயனோஅக்ரிலேட், அதாவது நாம் செருப்பு ஒட்டுகிற உடனடிப் பசையின் உறவுக்காரன், மருத்துவப் பயன்பாட்டுக்கான பியூட்டைல் வகை. 1960களின் கடைசியிலிருந்து கருவிழி ஓட்டைக்குப் பயன்படுகிறது. இதில் எல்லாரும் செய்கிற தவறு அதிகம் வைப்பது. கண்ணில் குன்றுபோல நின்றுகொண்டு இமையை உரசும், இறுகும்போது சூடும் அதிகம். அறுவைத் துணியின் பிளாஸ்டிக்கிலிருந்து 3 மி.மீ. வட்டத்தைப் பஞ்ச் கருவியால் வெட்டி, கண் களிம்பு தடவிய பஞ்சுக்குச்சி முனையில் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் ஊசி முனையால் ஒரே துளி பசை. புண்ணின் தரையிலும் சுற்றிலும் உள்ள சளிப்பூச்சைச் சுரண்டி, பஞ்சால் காயவைத்து, அந்த வட்டத்தை முத்திரை குத்துவதுபோல 6 மணி இடத்தில் அழுத்தினேன். காய்வதுதான் முக்கியம். ஈரத்தில் வைத்த பசை மறுநாள் கண் பீளையோடு வந்துவிடும். மேலே பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ்.

பசை ஒரு ஒட்டுத்துணி மட்டும் அல்ல. நியூட்ரோஃபில்களைப் புண்ணின் தரையில் இறங்கவிடாமல் தடுக்கிறது; அந்த இடத்தில் உருகுவது நிற்கிறது. இது பின்னால் நன்றாகவே தெரிந்தது, நான் விரும்பாத விதத்தில்.

வீட்டுக்கு அனுப்பியபோது எழுதியவை: பாதுகாப்பு ரசாயனம் கலக்காத கண்ணீர்ச் சொட்டு மணிக்கொரு முறை, காவலுக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு, நொதியைக் கட்டுப்படுத்த டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை, ஸ்டீராய்டு வகையான பிரெட்னிசோலோன் மாத்திரை 50 மி.கி. அவர் எடை 48 கிலோ. கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு எழுதவில்லை. முடக்குவாதப் புண்ணில் அது கொலாஜன் மறுபடி உருவாவதையும் தடுத்து ஓட்டையை வரவழைக்கலாம். வலி குறைக்கும் சொட்டுகளும் கூடாது. டைக்ளோஃபினாக் வகைச் சொட்டுகளால் நல்ல கருவிழியே உருகிய சம்பவங்கள் உண்டு.

வாதநோய் நிபுணரிடம் பத்தாவது நாளுக்கு முன்பதிவு கிடைத்தது.

நான் செலவழித்த நாட்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

சவ்வை எடுத்ததும் பசை வைத்ததும் புண்ணைக் குணப்படுத்தவில்லை. அவை நாட்களை வாங்கித் தந்தன. அந்த நாட்களுக்குள் ரத்தத்தில் நடப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். நான் செய்தது: ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து நம்ம வேலை இல்லை, நிபுணர் பார்த்துக்கொள்வார்" என்று பத்தாவது நாளுக்காகக் காத்திருந்தேன். ஃபோனை எடுத்து, "நாளைக்கே பார்க்க வேண்டும்" என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறுவை அழகாக முடிந்த திருப்தி அப்படிச் செய்துவிடும்.

நான்காம் நாள் பார்த்தபோது வலி பாதியாகியிருந்தது. "ராத்திரி தூங்குனேன் டாக்டரம்மா." பசை உறுதியாக இருந்தது. 4 மணிப் பக்கத்து விளிம்பில் மட்டும் பச்சைச் சாயம் முதல் நாள் படத்தைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்திருந்தது. அட்டையில் "அதே நிலை" என்று எழுதினேன். படங்களை இப்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது அதே நிலை இல்லை.

ஒன்பதாம் நாள் காலை, மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது கண்ணிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் வழிந்து, வலி சட்டென்று நின்றதாம். வலி நின்றதால் நல்லதென்று நினைத்து மத்தியானம் கடையை அடைத்துவிட்டுத்தான் வந்தார். கருவிழி ஓட்டை விழும்போது அப்படித்தான்.

பசை வைத்த 6 மணி இடம் கல்லுப்போல இருந்தது. அதற்குப் பக்கத்தில், 4 மணி இடத்தில், 3 மி.மீ.க்கு மேல் நீளமான ஓட்டை. அதில் ஐரிஸ் திரை வந்து அடைத்துக்கொண்டு, பழுப்பாக வெளியே துருத்தியிருந்தது. கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையில் நீர் நிற்கிற முன்னறை முழுக்கச் சப்பை. இந்த அளவுக்குப் பசை போதாது, அதுவும் ஐரிஸ்மேல் பசை வைக்க முடியாது.

இரண்டாவது அறுவை

உள்நோயாளியாகச் சேர்த்தோம். அன்று இரவே மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 1 கிராம் நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினோம், மூன்று நாளைக்கு. பொது மருத்துவர் கூடவே இருந்தார். சர்க்கரை 280க்குப் போய் இன்சுலின் தேவைப்பட்டது.

கண்ணை அழுத்தக்கூடாது என்பதால் முழு மயக்கம்தான் வழி. இங்கேதான் மயக்க மருந்து மருத்துவர் எனக்குத் தோன்றாத ஒன்றைக் கேட்டார்: கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுத்த எக்ஸ்ரே எங்கே? நீண்டநாள் முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டிவைக்கும் தசைநார் தளர்ந்திருக்கும். குழாய் போடத் தலையைப் பின்னால் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கலாம். எடுத்துப் பார்த்ததில் இடைவெளி சற்றே கூடுதல்தான். தலையை நேர்நிலையிலேயே வைத்து, பார்த்துப் பார்த்துக் குழாய் போட்டார். கண்ணுக்காக வந்தவர் கழுத்தால் படுத்துவிடக் கூடாதல்லவா.

ஒட்டுக்கு வேண்டிய கருவிழி பார்வைக்கானது அல்ல, சுவருக்கானது. பார்வைக்கு வைக்கிற கருவிழியில் உள்ளடுக்குச் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும், கருவிழியைப் பாதுகாக்கும் எம்.கே. திரவத்தில் நான்கு நாள்தான் தாங்கும். சுவர் ஒட்டுக்குக் கிளிசரினில் ஊறிய பழைய கருவிழியே போதும். அதில் உயிருள்ள செல்கள் இல்லை என்பது இங்கே குறையும் இல்லை, லாபம்: உடம்பு அதை எதிர்க்க முகாந்திரம் குறைவு. தன்னையே எதிர்த்துக் கொதித்துக்கொண்டிருக்கிற உடம்பில் இது சின்ன விஷயம் அல்ல. கண் வங்கியிலிருந்து அன்றே கிடைத்தது. இறந்த பிறகு கொடுத்த கண்ணில் பார்வைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கியது இப்படி ஒருவர் கண்ணின் சுவராகும் என்பது கண்தானம் செய்கிற குடும்பங்களுக்கு அதிகம் தெரியாது. சொல்ல வேண்டும்.

வட்டக்கத்தி எனப்படும் டிரெஃபைனைச் சப்பையான கண்ணில் அழுத்த முடியாது. பிறையைக் காலிப்பரால் அளந்து, மையால் குறித்து, கையால் வெட்டினேன். விளிம்புகளில் ஓரளவு தடிமனுள்ள, சாயம் பிடிக்காத கருவிழி வரும்வரை அழுகல் பகுதியை எடுத்தேன். 6 மணி பசையையும் சேர்த்து எடுத்தேன். அடியில் தரை சுத்தமாக, உருகாமல் இருந்தது. ஒரே கண்ணில், ஒரே ரத்தத்தில், பசை மூடிய இடம் பிழைத்திருக்கிறது, மூடாத இடம் போயிருக்கிறது. பள்ளம் முழுக்க மெல்லியதாகப் பூசியிருக்கலாமோ என்று இன்னமும் யோசிக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் சின்னத் துளை போட்டு ஜெல்லை உள்ளே செலுத்தி, ஐரிஸை மெல்ல உள்ளே தள்ளினேன். ஒன்பது மணி நேரத்துக்குள் வந்ததால் அது இன்னும் உயிரோடுதான் இருந்தது, வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஒட்டுக் கருவிழியின் உள்படலத்தை உரித்துவிட்டு, பள்ளத்தைவிடக் கால் மில்லிமீட்டர் பெரிதாகப் பிறை வெட்டி, 10-0 நைலானில் 18 தனித்தனித் தையல். கருவிழிப் பக்கத்துத் தையலை நடுப்பகுதி வரை நீளமாக இழுக்கக்கூடாது, பார்வை கோணலாகிவிடும். வெள்ளைவிழிப் பக்கமோ சில இடங்களில் நனைந்த காகிதம்போல ஊசியைத் தாங்கவில்லை. அங்கே இன்னும் 2 மி.மீ. பின்னால் போய்ப் பிடித்தேன். அந்தப் பக்கமே ஒரு மணி நேரம் எடுத்தது. திரும்ப வளரத் தொடங்கியிருந்த சவ்வை மறுபடி வெட்டி, எல்லாவற்றின்மேலும் பனிக்குடச் சவ்வைப் பரப்பி, கீழ்க் கண்ணீர்த் துளையைச் சுட்டு அடைத்தோம், இருக்கிற கொஞ்சக் கண்ணீராவது தங்கட்டும் என்று.

அறுவை இரண்டரை மணி நேரம். ஆனால் அந்த வாரத்தின் முக்கியமான வேலை மறுநாள் வார்டில் நடந்தது. வாதநோய் நிபுணர் நேரில் வந்தார்.

ரத்தத்தில் நடந்தது

அவர் சொன்னது எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும், மனதில் பதிந்திருக்கவில்லை. முடக்குவாதத்தில் கருவிழி ஓரம் உருகுகிறது என்றால், ரத்தக்குழாய் அழற்சி உடம்பில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பாஸ்டனில் ஸ்டீபன் ஃபாஸ்டரும் கூட்டாளிகளும் 1984இல் எழுதியதை எடுத்துக்காட்டினார். இப்படிக் கருவிழி ஓரமோ வெள்ளைவிழியோ அழிந்த முடக்குவாத நோயாளிகளில், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்ற 17 பேரில் 9 பேர் பத்து வருடத்துக்குள் ரத்தக்குழாய் சார்ந்த காரணங்களால் இறந்துபோனார்கள். அந்த மருந்து பெற்ற 17 பேரில் இறந்தவர் ஒருவர். சிறிய ஆய்வுதான். எனினும் 9க்கும் 1க்கும் இடையிலான தூரத்தைச் சிறிது என்று தள்ள முடியவில்லை. நான் ஒரு கண்ணைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெபடைட்டிஸ் பி இல்லை, மார்பு எக்ஸ்ரே சுத்தம். எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப் 1 கிராம், இரண்டு வாரம் கழித்து மறுபடி 1 கிராம். கூடவே மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. வாரத்துக்கு ஒரே ஒருமுறை, ஃபோலிக் அமிலத்தோடு. இந்த "வாரத்துக்கு ஒருமுறை" என்பதை நாங்கள் மூன்று பேரும் மூன்று முறை சொன்னோம். தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை அடங்கி இறந்தவர்கள் உண்டு. மகள் மருந்து டப்பாமேல் "ஞாயிறு" என்று பேனாவால் எழுதி ஒட்டினாள். ஈரல் பயத்துக்கு, மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம், ஏறினால் நாமே நிறுத்துவோம் என்று சொன்னோம். "அப்பவே இப்படி ஒருத்தர் சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனே" என்றார். இருக்கலாம்.

அதற்குப் பிறகு

ஒட்டு நின்றது. மூன்றாம் வாரம் ஒரு தையல் தளர்ந்து சளி சேர்ந்தது, எடுத்தோம். ஆறாம் வாரம் சவ்வு திரும்ப வளர்ந்து கருவிழி வரம்பைத் தொட்டபோது நிஜமாகவே பயந்தேன். மறுபடி உருக ஆரம்பித்தால் அப்போதுதான் ஆரம்பிக்கும். ஆரம்பிக்கவில்லை. அதற்குள் ரிட்டுக்சிமாப் இரண்டு தவணையும் போயிருந்தது, ஈ.எஸ்.ஆர். 30க்கு இறங்கியிருந்தது. பிரெட்னிசோலோனை ஐந்து மாதத்தில் 5 மி.கி.க்குக் கொண்டுவந்தோம். கை வீக்கமும் வற்றியது. கண்ணைவிட அதைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார். இட்லித் தட்டைத் தானே தூக்க முடிகிறதாம்.

ஒரு வருடத்தில் வலது கண் கண்ணாடியோடு 6/24. ஒட்டு இழுத்ததால் கருவிழி வளைவு கோணலாகி, சிலிண்டர் எண் 5ஐத் தாண்டியிருக்கிறது. கடினமான கான்டாக்ட் லென்ஸ் போட்டுக் காட்டினால் 6/12 வரை படிக்கிறார். அந்த விரல்களால் தினமும் லென்ஸ் போட்டுக் கழற்ற முடியாது, மகளுக்கு வேலைக்குப் போக வேண்டும், ஆகவே கண்ணாடியோடு நிற்கிறோம். ஒட்டுப் பகுதி வெள்ளையாக, பிறையாகத் தெரியும். "பூ அப்படியே இருக்கே" என்று முதலில் வருத்தப்பட்டார். அது பூ இல்லை, கண்ணைப் பிடித்து வைத்திருக்கிற சுவர் என்று விளக்கினேன். பாதி ஒப்புக்கொண்டார்.

போன மாதம் வந்தபோது இடது கண்ணில் புரை முற்றியிருப்பதைக் காட்டி, இதை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். ஸ்டீராய்டும் அதில் பங்கு போட்டிருக்கிறது. சாதாரணப் புரை அறுவைதான், பத்து நிமிட வேலை. ஆனால் முடக்குவாதக் கண்ணில் அந்தச் சின்ன வெட்டே உருகலைத் தொடங்கிவிடலாம். ஆறு மாதமாவது முழு அமைதி வேண்டும், அடுத்த ரிட்டுக்சிமாப் தவணையோடு நாள் ஒத்துப்போக வேண்டும். இந்தமுறை முன்பதிவுக்குக் காத்திருக்காமல் நிபுணருக்கு நானே ஃபோன் செய்தேன். இடது கருவிழியின் 8 மணி ஓரம் ஓ.சி.டி.யில் 0.51 மி.மீ. காட்டுகிறது, வலி இல்லை, சாயம் பிடிக்கவில்லை. மாதம் ஒருமுறை அதே இடத்தை அளந்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் "அதே நிலை" என்று எழுதுகிறேன். புரைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.